சொரிமுத்து சுற்றிய டேப்பு

கோழி கூவினால் விடியும், கரண்டு போனால் எப்போதாவது வரும், சொரிமுத்து மாட்டின குழாய் ஒழுகும். ஓடைக்கரைக் காலனியில் இந்த மூன்றிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆள் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை, கூப்பிட்ட குரலுக்கு ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற தங்கமான பிள்ளை. ஆனால் பிறவி இடதுகைக்காரன், அதுதான் வினை. குழாயின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றும்போது, குழாய் எந்தப் பக்கம் திருகி இறுகுமோ அந்தப் பக்கமாகவே, கோயிலை வலம் வருகிற மாதிரி சுற்ற வேண்டும். இது எலக்ட்ரீசியனுக்குக்கூடத் தெரியும். சொரிமுத்துவுக்கும் தெரியும், ஆனால் அவன் கைக்குத் தெரியாது. கை தன்னால் இடப்பக்கமாகச் சுற்றிவிடும், ரெஞ்சைப் போட்டு முறுக்கும்போது மரை அந்த டேப்பை உருட்டித் திரட்டி வெளியே தள்ளிவிடும், அவன் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் பின்னால் சொட்டு, சொட்டு என்று ஆரம்பித்துவிடும்.

"எழவு வீட்டுலதாம்டே இடப்பக்கமாச் சுத்துவாவ, நீ எந்த எழவுக்கு இப்படிச் சுத்துத?" என்று திட்டுவார்கள். திட்டுவதில் நியாயம் இருந்தது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் மொட்டைமாடியில் ஒரே தொட்டி. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது தண்ணீர் விடுகிறவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ஒரு வீட்டில் சொட்டினால் பன்னிரண்டு வீட்டுக் குடமும் காயும். அதனால் காலனியில் சொந்தபந்தச் சண்டை, பிள்ளைகள் சண்டை எல்லாம் குறைவு, சொட்டுச் சண்டைதான் அதிகம். இத்தனைக்கும் பிறகு ஏன் அவனையே கூப்பிட்டார்கள் என்று கேட்டால், வேறு யார் வருவார்கள், அவன்தானே முதல் மாடியில் குடியிருக்கிறான்.

இப்படி இருக்கையில் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டுப் போன சமயத்தில் இரண்டாவது மாடியில் பூலோகம் அண்ணாச்சி வீட்டுச் சமையல்கட்டுக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அண்ணாச்சி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆடியில் மனைவியைப் பறிகொடுத்தவர், அன்றையிலிருந்து அழுதுகொண்டே இருந்தவர். துக்கத்துக்கு அழுவது உலகத்தில் நடப்பதுதான், ஆனால் இவர் அழுகைக்கு நேரம் காலம் கிடையாது, பல் விளக்கும்போது அழுவார், பேப்பர் படிக்கும்போது அழுவார், கீழ்வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தில்தான் உலை வைத்தார்கள், அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

சொரிமுத்து போய்ப் பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் பைக்குள் கையை விட்டால் டேப்பு தீர்ந்திருந்தது. இன்னும் ஆழமாகத் துழாவினபோது அவன் வாங்காத ஓர் உருளை கைக்கு வந்தது. நடுவில் பிளாஸ்டிக் வளையம் கிடையாது, பெயர் கிடையாது, தன்மேல் தானே சுற்றிக்கொண்டு, உரித்த நுங்கு மாதிரி குளுகுளுவென்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கவில்லை, நீங்களும் யோசிக்காதீர்கள். எடுத்தான், வழக்கம்போல இடப்பக்கமாகவே சுற்றினான், முறுக்கினான், தண்ணீர் வால்வைத் திறந்தான், சொட்டுக்காகக் காத்து நின்றான்.

சொட்டு வரவில்லை. தன் வேலையின்மீது நம்பிக்கையே இல்லாத மனுஷன் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான், டார்ச் அடித்துப் பார்த்தான். மரை எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. அப்போதுதான் வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைவதை உணர்ந்து திரும்பினான். பூலோகம் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, தொலைத்த பொருளைத் தேடுகிறவர் மாதிரி, துண்டால் ஒரு கண்ணைத் துடைத்துப் பார்த்தார், இன்னொரு கண்ணைத் துடைத்துப் பார்த்தார். துண்டு நனையவில்லை.

"ஏ சொரிமுத்து, பசிக்கிடே" என்றார்.

சேதி பரவியதும் ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள், இவனும் வீடு வீடாகப் போய் இருக்கிற இணைப்பையெல்லாம் அந்த உருளையால் சுற்றினான். உருளை குறையவும் இல்லை, காலனி அதைப் பற்றி வாயைப் பிளக்கவும் இல்லை. தண்ணீர் நின்றால் போதாதா! தொட்டி நிறைந்தால் அடுத்த முறை வரும்வரைக்கும் நின்றது. சொட்டுச் சண்டை ஓய்ந்தது. தண்ணீரோடு சேர்ந்து இன்னும் பலதும் நின்றதை மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததையெல்லாம் வரவு வைத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுவது நின்றது. மூன்றாவது மாடிப் புருஷன் பெண்டாட்டி சண்டை கதவைத் தாண்டி வருவது நின்றது. தரைத்தளத்து ஜெபராணி டீச்சர் வாயில் விழுந்த சேதி வாசல் கேட்டைத் தொடாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது, அவர்கூட ஒரு ரகசியத்தைக் கேட்டுவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினார், ஒன்றும் வெளியே வரவில்லை. அவருடைய சிவப்பு மைப் பேனாவும் அடைத்துக்கொண்டது. தப்பைச் சுழிக்க முடியாததால் பிள்ளைகள் எல்லாரும் நல்ல மார்க் வாங்கினார்கள், பெற்றவர்கள் டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வேர்வை வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, சோப்பு மிச்சம் என்று பதில் சொன்னார்கள். எந்த அதிசயத்தையும் மனுஷன் ஒரு வாரம்தான் அதிசயமாக வைத்திருப்பான், பிறகு அது அவன் வீட்டு வழக்கமாகிவிடும்.

எல்லாரையும்விட அதிகம் வரவு வைத்தவன் சொரிமுத்துதான். "ஒழுகல்" என்று கூப்பிட்டவர்கள் இப்போது "என்ன இன்ஜினியரே" என்றார்கள். டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். பிறந்ததிலிருந்து இடதுகையைத் தொடைக்குப் பின்னால் ஒளித்துப் பழகியவன், இப்போது அந்தக் கையை வீசிக்கொண்டு நடந்தான். ராத்திரி படுக்கும்போது அவன் மனைவி கோமுவின் நிறைவயிற்றில் அதே கையை வைத்து, "உங்கப்பன் மாட்டுனா ஒழுகாதுலே" என்று உள்ளே இருக்கிற பிள்ளைக்குச் சொல்லுவான். கோமு சிரிப்பாள். வரவர அந்தச் சிரிப்பும் முகத்தோடு நின்றது, சத்தம் வெளியே வரவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

மார்கழியில் பிறக்க வேண்டிய பிள்ளை மார்கழி முடிகிறவரைக்கும் அசைந்து கொடுக்கவில்லை. "தங்குத பிள்ள தங்கமா வரும்" என்றார்கள் பெண்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து வலி வருவதற்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள், கோமு படுத்துத் தூங்கி எழுந்து பசிக்கிறது என்றாள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது, பொங்கல் கழித்து வாருங்கள், அப்போதும் வலி வரவில்லையென்றால் கத்தி வைத்து எடுத்துவிடலாம் என்று அனுப்பினார்கள். சொரிமுத்துவும் சரி என்று அழைத்துவந்துவிட்டான்.

பொங்கல் விடிந்தது. காலனி முற்றத்தில் வரிசையாக அடுப்புக் கூட்டி, மஞ்சள்கொத்து கட்டின பானைகளை ஏற்றியிருந்தார்கள். ஜெபராணி டீச்சரும் சிலுவைக் கோலம் போட்டுத் தன் பானையை வைத்திருந்தார், அவர் பானை இல்லாமல் முற்றத்தில் என்றைக்குப் பொங்கல் நடந்தது? பிள்ளைகள் தட்டும் கரண்டியுமாக நின்றார்கள். பால் நுரைத்தது, கழுத்துக்கு ஏறியது, விளிம்புக்கு வந்தது. பெண்கள் குலவை போட நாக்கை மடித்தார்கள்.

பால் விளிம்பிலேயே நின்றது.

தீயைக் கூட்டினார்கள். பனை ஓலையைத் திணித்தார்கள். பன்னிரண்டு பானையிலும் பால் வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி உப்பி நின்றதே தவிர, ஒரு சொட்டு வழியவில்லை. தை பிறந்த அன்றைக்குப் பால் பொங்காத வீட்டை யாராவது கேள்விப்பட்டதுண்டா? பல் வலி, தலைவலி எதற்கும் அசராத காலனி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தது. மடித்த நாக்கில் குலவை அப்படியே இருந்தது.

சொரிமுத்து திரும்பிப் பார்த்தான். கோமு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கிட்டே போனதும் இடதுகைச் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.

"காலையில கெழங்கு நறுக்கயில வெட்டிட்டு."

நல்ல ஆழமான வெட்டு. மீன்வாய் மாதிரி திறந்து கிடந்தது. ரத்தமே இல்லை.

"ஆஸ்பத்திரியில கத்தி வெச்சாலும் இப்படித்தான் இருக்கும்ங்க" என்றாள் கோமு, வேறு யாருக்கும் கேட்காமல். "எம்பிள்ள வெளிய வர வழியில்ல. பனிக்குடம் உடைஞ்சாத்தான வரும்? நம்ம காலனியிலதான் எதுவும் உடையாதே, ஒழுகாதே."

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், சுற்றின டேப்பையெல்லாம் பிரிக்கணும் என்று தெரிந்த அந்த நொடியில் முதலில் சொரிமுத்து நெஞ்சுக்குள் வந்தது டீக்கடை பெஞ்சுதான். பழையபடி ஒழுகல் ஆகிவிடுவோமே என்றுதான் வந்தது. பிறகுதான் பிள்ளை வந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே காறித் துப்பப் பார்த்தான், எச்சிலும் வரவில்லை. ரெஞ்சை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

முதலில் தன் வீட்டுக் குழாய். ரெஞ்சு வழுக்கியது, தொங்கிப் பார்த்தான், சுத்தியலால் தட்டினான், அசையவில்லை. பின்னாலேயே மூச்சு வாங்க ஏறிவந்த கோமு குழாயில் கையை ஊன்றிக்கொண்டு, "ஒழுகுனா ஒழுகட்டும் போங்க!" என்று எரிச்சலில் சொன்னாள். அந்தச் சொல் வாயிலிருந்து விழவும் மரை வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. டேப்பு தானாக இளகித் தொங்கியது. தண்ணீர் சொட்டியது. கோமுவின் விரல்நுனியில் கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது.

அப்போது இருவருக்கும் வழி புரிந்துபோயிற்று. தொட்டி ஒன்று, தண்ணீர் ஒன்று, ஒரு வீடு மட்டும் ஒழுகிப் பயனில்லை. பன்னிரண்டு வீட்டுக்காரரும் தத்தம் குழாயில் கை வைத்து வாயால் சொல்ல வேண்டும்.

சும்மா சொல்லிவிடுவார்களா? "அடுத்த தண்ணி வர இன்னும் நாள் கெடக்கேடே, பண்டிகையும் அதுவுமா நக்கியா குடிக்க?" என்று கத்தினார்கள். கத்தினவர்கள் முன்னால் கோமு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் கத்த முடியும்? ஒவ்வொருவராகச் சமையல்கட்டுக்குப் போனார்கள்.

ஜெபராணி டீச்சர்தான் தயங்கினார். "எனக்குத் தண்ணி பெரிசில்ல சொரிமுத்து. உள்ள நெறைய சேந்து போச்சு. தொறந்தா எல்லாம் வந்துருமேன்னு இருக்கு."

"வந்தா வரட்டும் டீச்சர், நாங்க என்ன புதுசாவா கேக்கோம்?"

டீச்சர் குழாயைத் தொட்டு, "ஏசப்பா, ஒழுகட்டும்" என்றார். அடுத்த நிமிஷம் ஜன்னலுக்கு ஓடிப்போய், யார் மகள் யாரோடு பஸ்ஸில் போனாள், யார் வீட்டு மிக்சி இரவல், மாடிப்படியில் வாழைப்பழத் தோல் போடுவது யார் என்று இரண்டு மாதச் சேதியையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தார். கடைசியில் அந்தத் தோலைப் போடுவது தான்தான் என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. மூன்றாவது மாடிச் சண்டை பாத்திரத்தோடு படியிறங்கி வந்தது. பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. கீழே பானைகளில் பால் நடுங்கியது, ஆனாலும் வழியவில்லை.

பூலோகம் அண்ணாச்சி கதவைச் சாத்தியிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி" என்று சொரிமுத்து கதவைத் தட்டினான்.

"என்ன கேளு, வேற என்ன வேணாலும் கேளு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது மட்டும் என்னால முடியாதுடே. சுடுகாட்டுல வெச்சுக் குடத்துல ஓட்ட போட்டு, என் தோள்ல தூக்கி வெச்சு, அவளச் சுத்தி வரச் சொன்னாவ. அன்னைக்கு முதுகுல ஒழுக ஆரம்பிச்ச தண்ணி, நீ வந்து சுத்துன அன்னைக்குத்தான் நின்னுது. இப்பத்தான் ரெண்டு வாய் சாப்பிடுதேன், ஒறங்குதேன். மறுபடி அதத் தொறந்துவிடச் சொல்லுதியா?"

சொரிமுத்து கதவைத் தட்டுவதை நிறுத்தினான். என்னவென்று கேட்பது, என் பிள்ளைக்காக நீங்கள் அழுங்கள் என்றா? கோமு அவனை விலக்கிவிட்டு, அண்ணாச்சி வீட்டு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நான் எதுவும் கேக்க வரல அண்ணாச்சி. முடியல, அதான் உக்காந்துட்டேன். கல்யாணம் ஆகி இங்க வந்தப்ப உங்க வீட்டு மைனிதான் எனக்கு முதமுதல்ல மீன்குழம்பு கொண்டாந்து தந்தாவ. அவுகளப் பத்தி ஏதாச்சும் பேசுங்களேன்."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "அவ..." என்றார் அண்ணாச்சி. "அவ வந்து..." தொண்டையைச் செருமினார். மறுபடி "அவ" என்றார். முப்பது வருஷம் கூப்பிட்ட பெயர் தொண்டைக்குழி வரைக்கும் வந்து, பானை விளிம்பில் பால் நின்ற மாதிரி நின்றது. பெயரை விட்டுவிட்டு அவள் சிரிப்பைச் சொல்லப் பார்த்தார், வரவில்லை. அவள் ஏசுகிற ஏச்சை ஏசிக்காட்டப் பார்த்தார், வரவில்லை. கதவு திறந்தது. அண்ணாச்சியின் முகம் பேயடித்த மாதிரி இருந்தது.

"ஏ கோமு, அவ பேரு வரமாட்டேங்குது தாயி."

"உள்ளதான் இருக்கு அண்ணாச்சி" என்றாள் கோமு. "எம்பிள்ளயும் உள்ளதான் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், கடுகளவுக்கு மேல் ரத்தம் வராத விரலைப் பார்த்தார். திரும்பிச் சமையல்கட்டுக்குப் போனார். சொரிமுத்து ரெஞ்சை நீட்டினான், அவர் வாங்கவில்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன இரண்டு கையாலும் குழாயைப் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒழுகட்டும்" என்றார்.

டேப்பு முழம் முழமாக அவிழ்ந்து விழுந்தது. முதலில் வந்தது பெயர்தான். "சண்முகக்கனீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மொட்டைமாடிக் காக்காய்கள் எழும்பின. பெயருக்குப் பின்னால் கண்ணீர் வந்தது, கண்ணீரும் குழாயும் சேர்ந்து கொட்டின. கீழே முற்றத்தில் பன்னிரண்டு பானையும் ஒரே நேரத்தில் பொங்கி, தீயெல்லாம் புஸ் புஸ்ஸென்று அணைந்தது, அத்தனை நேரம் நாக்கில் மடித்து வைத்திருந்த குலவை ஓடைக்கு அக்கரை வரைக்கும் போயிற்று. வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோமு குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். படியெல்லாம் தண்ணீர். விரலிலும் நல்ல சிவப்பாக ரத்தம் வழிந்தது.

"என்னங்க, உடைஞ்சிட்டு!" என்று கத்தினாள். அழுதாள், சிரித்தாள், இரண்டுக்கும் சத்தம் வந்தது.

ஆட்டோ வருவதற்குப் பிள்ளை காத்திருக்கவில்லை. எவ்வளவு நாள்தான் காத்திருக்கும், அதுவும் சொரிமுத்து பிள்ளைதானே. அண்ணாச்சி அழுதுகொண்டே பீரோவைத் திறந்து சண்முகக்கனியின் பழைய நூல் சேலைகளை அள்ளிப் போட்டார், ஜெபராணி டீச்சர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பிள்ளையை வாங்கினார். பெண் பிள்ளை. வெளியே வந்த வேகத்தில் டீச்சர் மேலேயே ஒன்றுக்குப் போனது. காலனியே கைதட்டியது.

அந்த உருளையைச் சொரிமுத்து பைக்குள் தேடிப் பார்த்தான், காணோம். வந்தபோதும் யாரும் கேட்கவில்லை, போனபோதும் யாரும் கேட்கவில்லை. மறுநாள் கடையில் சாதாரண டேப்பு வாங்கி, "வலம், வலம்" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வீடாகச் சுற்றினான். சொல்லும்போது கை கேட்டது, சொல்ல மறந்தபோது பழைய பக்கமே போயிற்று. பாதி நின்றது, பாதி நிற்கவில்லை. "லே ஒழுகல்!" என்று மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. "வாரேன்!" என்றான்.

கடைசியாகப் பூலோகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனான். அண்ணாச்சி குழாயடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கீழே ஒரு வாளியை நகர்த்தி நகர்த்திச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. சொரிமுத்து டேப்பை எடுத்ததும் அவன் இடதுகையைப் பிடித்துக்கொண்டார்.

"இத விட்டுருடே."

"தண்ணி வீணாவுமே அண்ணாச்சி. காலனியில ஏசுவாவ."

"ஏன் வீணாவுது? வாளி வெச்சிருக்கம்லா" என்றார் அண்ணாச்சி. "சாயந்தரம் நெறஞ்சிரும். வந்து எடுத்துட்டுப் போ. உம்மவ பீத்துணி அலசத் தண்ணி வேணும்லா."